பச்சை குத்திக்கப் போறீங்களா? அதுக்கு முன்னால ஒரு நிமிஷம்!

(கோவை சித்த மருத்துவர் ஒருவர் எழுதுகிறார்)

"அப்பா, நான் கையில பச்சை குத்திக்கலாம்னு இருக்கேனுங்கப்பா..."

சென்ற ஆண்டு தை மாதம், பொங்கல் முடிந்த மறுநாள். தினசரியில் முகம் புதைத்திருந்த நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள்தான் கேட்டாள்.

"என்ன கண்ணு திடீர்னு? சினிமா நடிகை யாராச்சும் குத்தியிருக்காங்களா?" என்றேன் கிண்டலாக.

அவள் பதில் பேசாமல் ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினாள். என் அம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருக்கும் படம். முழங்கைக்குக் கீழே, மங்கிப்போன பச்சையில் ஒரு புள்ளிக்கோலம். அம்மா காலமாகி அப்போது பதினோரு மாதம்.

"இந்தக் கோலம் எனக்கு வேணுங்கப்பா" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனாலும் வாயில் வந்தது என்னவோ, "வேண்டாம்" என்ற வார்த்தைதான். ஏன் அப்படிச் சொன்னேன், பிறகு எப்படி மனம் மாறினேன், என்னென்ன நிபந்தனை போட்டேன் என்பதையெல்லாம் உங்களிடம் பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதே கேள்வியோடு நிற்கலாம் அல்லவா?

அன்று: அகல் விளக்குக் கரியும் தையல் ஊசியும்

பச்சை குத்துவது நமக்குப் புதிதா என்ன? 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் உடம்பில் 61 பச்சைக் குறிகள்! பல, மூட்டும் முதுகுமாக வலி வரும் இடங்களில் இருந்ததால், வைத்தியத்துக்காகக் குத்தியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1909-ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில், ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தும் குறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மை தயாரிக்கும் விதத்தையும் விவரித்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்து, துணியில் சுருட்டித் திரியாக்கி, விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுத்து, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்களாம்.

என் அம்மாவும் இதையேதான் சொல்வார். "சந்தைக்குப் போற வழியில மரத்தடியில உட்கார்ந்திருப்பாங்க. மூணு நாலு ஊசியை நூல்ல சேர்த்துக் கட்டியிருப்பாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, வலி தெரியாம இருக்க ராகம் போட்டுப் பாடுவாங்க. நான் கத்தின கத்துல எங்கம்மா ரெண்டு படி கம்பு கூடக் குடுத்தாங்க" என்று சிரிப்பார். கூலி தானியமாகவும் பழந்துணியாகவும் போன காலம் அது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த ஊசிக்கட்டு ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று நம் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அதன் பிறகுதான் ஊசி என்றால் ஜனங்கள் நின்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

இன்றைய டாட்டூ மெஷினுக்கும் வயது குறைவில்லை. 1891-ல் அமெரிக்காவில் சாமுவேல் ஓரைலி என்பவர் எடிசனின் மின்சாரப் பேனாவை அடிப்படையாக வைத்து இதற்குக் காப்புரிமை பெற்றார். மரத்தடி போய் ஏ.சி. அறை வந்துவிட்டது. ஆனால், தோலைத் துளைத்து மையை உள்ளே விடுவது என்ற விஷயம் மட்டும் மாறவே இல்லை.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

நம் மேல்தோல் சுமார் ஒரு மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதுசாகிறது. மை அங்கே நின்றால் மருதாணி போல அழிந்துவிடும். அதனால் ஊசி அதற்கும் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லி மீட்டர் ஆழத்தில் உள்ள உள்தோலில் மையை வைக்கிறது. உடனே நம் உடம்பின் காவல்காரர்களான வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன. 'யாரோ அந்நியன்!' என்று மைத்துகளை விழுங்குகின்றன. ஆனால் ஜீரணிக்க முடியவில்லை! அப்படியே வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. அந்த அணு செத்தால் மை வெளியே வரும், அடுத்த அணு விழுங்கும். 2018-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் எலிகளில் செய்த ஆராய்ச்சி இதைக் காட்டியது.

அதாவது, நாம் 'டிசைன்' என்று ரசிப்பது, உடம்பு வருடக்கணக்காக நடத்தும் ஒரு காவல் வேலை. கொஞ்சம் மை நிணநீர்க் கட்டிகளுக்கும் போய்ச் சேருகிறது.

கரி கறுப்புதானே, பிறகு ஏன் 'பச்சை' என்கிறோம்? உள்தோலில் இருக்கும் கரியை நாம் மேல்தோல் வழியாகப் பார்க்கிறோம். ஒளி சிதறி வருவதால் கறுப்பு, நீலப் பச்சையாகத் தெரிகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

நான் ஏன் 'வேண்டாம்' என்றேன்?

சில வருடங்களுக்கு முன்பு அவினாசிப் பக்கத்திலிருந்து ஒரு வாலிபர் வந்தார். பனியன் கம்பெனியில் வேலை. கண் இரண்டும் மஞ்சள். கூட வந்த தாயார், "பதினஞ்சு நாளா கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறனுங்க டாக்டரு. கேக்க மாட்டேங்குது" என்றார்.

நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். முன்கையில் 'அம்மா' என்று பச்சை. கேட்டபோது, மூன்று மாதம் முன்பு ஒரு திருவிழாக் கடையில் குத்திக்கொண்டதாகச் சொன்னார். "ஊசி புதுசா தம்பி?" என்றேன். "எனக்கு முன்னால நாலு பேரு குத்திக்கிட்டாங்க. நான் பார்க்கலீங்க" என்றார்.

இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹெபடைடிஸ்-பி! அந்த ஊசியால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வேறு ஊசி, இரத்தம், ஆபரேஷன் எதுவும் அவர் விவரத்தில் இல்லை. குடல், கல்லீரல் நிபுணரிடம் அனுப்பிவைத்தேன். நல்ல காலம், சில மாதங்களில் கிருமி நீங்கி தேறிவிட்டார். ஆரோக்கியமான பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கிவிட்டால்? கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம்.

அந்த அம்மா கடைசியில் கேட்டது இன்றும் காதில் கேட்கிறது. "எம்பேரைக் கையில எழுதப் போயித்தானுங்களா இத்தனையும்?"

இந்தக் கிருமி உலர்ந்த இரத்தத்தில், உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். டெட்டாலில் முக்குவது, தீயில் காட்டுவது, வெந்நீரில் போடுவது எல்லாம் இதற்குக் காணாது. வாசகர்கள் ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: மஞ்சள் காமாலை என்றால் முதலில் இரத்தப் பரிசோதனை. கீழாநெல்லி நல்ல மூலிகைதான். ஆனால் எந்தக் காமாலை என்று தெரியாமல் கொடுத்துக்கொண்டே இருப்பது வைத்தியம் ஆகாது. சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்.

யார் யார் தவிர்க்க வேண்டும்?

* கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள்.
* சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும்.
* காது குத்திய இடத்திலோ, பழைய தழும்பிலோ சதை மேடாகத் தடித்து வளர்ந்தவர்கள். இதைக் 'கீலாய்டு' என்பார்கள். பச்சை குத்திய கோடு முழுக்க அப்படித் தடிக்கலாம்.
* காளாஞ்சகப்படை என்னும் சொரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்கள். தோலில் காயம் பட்ட இடத்திலேயே இவை புதிதாகக் கிளம்பும் குணம் உண்டு.
* இதய வால்வுக் கோளாறு, இரத்தம் உறையாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுவோர். இவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது.
* 18 வயது நிறையாதவர்கள். ஆசை மாறும் வயசு. மை மாறாது!

இன்னொன்று. இரத்தம் இளக மாத்திரை சாப்பிடுபவர்கள், 'நாளைக்கு டாட்டூ' என்று அதைத் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரை அது. தள்ளிவைக்க வேண்டியது டாட்டூவைத்தான், மாத்திரையை அல்ல.

மச்சத்தின் மேல் குத்தக் கூடாது. மச்சத்தில் பின்னால் ஏதேனும் மாற்றம் வந்தால் மை அதை மறைத்துவிடும்.

நாள் குறிப்பதற்கு முன்...

என் மகளுக்கு நான் போட்ட முதல் நிபந்தனை ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. 2011-க்குப் பிறகுதான் இது நாடு முழுக்க அரசின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் வந்தது. அதற்கு முன் பிறந்த பல பேர் போட்டிருக்க மாட்டார்கள். மகளின் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தால், அதில் இந்த ஊசிக்கான பதிவே இல்லை. வைத்தியன் வீட்டிலேயே இந்த லட்சணம்! டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்! ஆறு மாதம் கழித்தும் அதே டிசைன், அதே இடம், அதே ஆசை இருந்தால், அது நிஜமான ஆசை. காதலர் பெயரைக் குத்த நினைப்பவர்கள் ஆறு மாதம் போதுமா என்று இன்னும் ஒருமுறை யோசிக்கட்டும்! லேசரில் அழிக்கலாம்தான். ஆனால் பல தடவை போக வேண்டும், குத்தின செலவைப் போல் பல மடங்கு ஆகும், முழுசாகப் போகும் என்ற உத்தரவாதமும் இல்லை.

இடம் முக்கியம். ராணுவத்துக்கு முயற்சி செய்யும் தம்பிகள் கவனிக்கவும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள உட்பக்கம், புறங்கை ஆகிய இடங்களில் மட்டுமே பச்சைக்கு அனுமதி. பழங்குடி மக்களுக்குத் தனி விதி உண்டு. ஆள்சேர்ப்பு அறிவிப்பைப் படித்துவிட்டுக் கையை நீட்டுங்கள். இரத்த தானம் செய்பவர்கள், குத்திக்கொண்ட பிறகு ஒரு வருடம் தானம் செய்ய முடியாது. வீட்டில் யாருக்காவது அடிக்கடி இரத்தம் கொடுப்பவர் நீங்கள் என்றால் இதையும் யோசியுங்கள்.

எழுத்துப் பிழை! இதைச் சிரிக்காமல் கேளுங்கள். 'வள்ளி' என்பது 'வல்லி' ஆன கையை நான் பார்த்திருக்கிறேன். ல, ள, ழ, ண, ன விஷயத்தில் யாரையும் நம்பாதீர்கள். பெயரைத் தெளிவாகத் தாளில் எழுதி, வீட்டில் இரண்டு பேரிடம் காட்டி, அந்தத் தாளையே எடுத்துப் போங்கள்.

கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

குத்திக்கொள்ளும் நாளுக்கு முன்பே ஒருமுறை சும்மா போய்ப் பாருங்கள். பொண்ணு பார்க்கப் போகிற மாதிரிதான்! கவனிக்க வேண்டியவை:

1. ஊசி ஒட்டிய பாக்கெட்டில் வருகிறதா? அதை உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா? காலாவதித் தேதி இருக்கிறதா?
2. மையைப் புதிய சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார்களா? மிச்ச மையை மறுபடி பாட்டிலில் ஊற்றுகிற கடை என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஊசி புதிது, மை பழைய இரத்தம் பட்டது என்றால் என்ன பிரயோஜனம்?
3. மையைக் குழாய்த் தண்ணீரில் கலக்குகிறார்களா? கூடாது. தண்ணீரில் இருக்கும் சில கிருமிகள் வாரக்கணக்கில் கழித்துத் தோலில் கட்டி கட்டியாய்க் கிளம்பும்.
4. கை கழுவிப் புதுக் கையுறை போடுகிறாரா? நடுவில் போனை எடுத்தால் உறையை மாற்றுகிறாரா?
5. முடி மழிக்கப் புது பிளேடா?
6. திரும்பப் பயன்படுத்தும் உலோகச் சாமான்கள் இருந்தால் ஆட்டோகிளேவ் இருக்கிறதா? பிரஷர் குக்கர் தத்துவம்தான். 121 டிகிரியில், அழுத்தத்தோடு குறைந்தது 15 நிமிடம்.
7. பயன்படுத்திய ஊசியைக் குத்தாத கெட்டி டப்பாவில் போடுகிறார்களா, குப்பைக் கூடையில் வீசுகிறார்களா?

டாட்டூ தவிர நாக்கைப் பிளப்பது, கண்ணுக்குள் மை ஏற்றுவது என்று 'ஸ்பெஷல்' காட்டும் இடம் என்றால் வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பரில் திருச்சியில் இப்படி நாக்கைப் பிளந்த ஒரு கடைக்குச் சீல் வைத்து, ஆட்களைக் கைது செய்தார்கள். அது ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் செய்ய வேண்டிய வேலை.

கலர் மை பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வாமை அதிகம் தருவது சிவப்பு. ஐரோப்பிய நாடுகளில் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், நம் பாட்டிமார் வழியில் கறுப்பு ஒன்றே போதும் என்பேன்.

அன்று காலை

* முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். 24 மணி நேரத்துக்கு மது கூடவே கூடாது. இரத்தம் அதிகம் கசியும், நிதானமும் இருக்காது.
* குளித்துவிட்டுப் போங்கள். நம்மைத் தொட்டு மணிக்கணக்கில் வேலை செய்கிறவருக்கு நாம் காட்டும் முதல் மரியாதை அதுதான். குத்துகிற இடத்தில் எண்ணெய், பவுடர், சென்ட் வேண்டாம்.
* வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு மணி நேரம் முன்பு நாலு இட்லியோ, ராகிக் கூழோ சாப்பிடுங்கள். பையில் கடலை மிட்டாயும் தண்ணீரும் இருக்கட்டும். பசியோடு உட்கார்ந்து, ஊசியைக் கண்டதும் மயங்கி விழும் வீராதி வீரர்கள் உண்டு!
* அந்த இடத்தில் இறுக்காத, மை பட்டாலும் கவலைப்படாத பழைய உடுப்பு போடுங்கள்.
* அந்த இடத்தில் வெயில் சுட்டிருந்தாலோ, புண் இருந்தாலோ, காய்ச்சல், சளி இருந்தாலோ, போன் செய்து வேறு நாள் கேளுங்கள். போகாமல் இருப்பதும், கடைசி நிமிஷத்தில் சொல்வதும் அவருடைய ஒரு நாள் பிழைப்பைக் கெடுக்கும்.
* மரத்துப்போகும் கிரீமை நீங்களாகக் கடையில் வாங்கி, கையெல்லாம் அப்பிக்கொண்டு போகாதீர்கள். அதிக அளவு மருந்து இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், வலிப்பு கூட வரலாம். 2024-ல் அமெரிக்க மருந்துத் துறையே இதுபற்றி எச்சரித்தது.

நாற்காலியில் நல்ல பிள்ளையாக...

மூன்று ஊசியும் முடிந்தது. ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. "நானும் வரேன் சாமி" என்று மகளோடு கிளம்பினேன். எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதற்கு அன்று நானே உதாரணம் ஆனேன்!

பாக்கெட்டைப் பிரித்தது முதல் நான் அந்த இளைஞரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மெதுவா தம்பி... மெதுவா..." கால் மணி நேரம் பொறுத்தார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, "ஐயா, வெளிச்சத்தை மறைக்கறீங்க. என் கை ஆடுச்சுன்னா பாப்பாவோட கையிலதானுங்க அது நிக்கும்" என்றார். அதற்குப் பிறகு மூலையில் ஸ்டூல் போட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆகவே வாசகர்களே, துணைக்கு ஒருவர் போதும். கும்பல் வேண்டாம், குழந்தைகள் வேண்டாம். மற்ற விதிகள் இதோ:

நோயை மறைக்காதீர்கள். சர்க்கரை, வலிப்பு, ஒவ்வாமை, காமாலை வந்தது எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள். உங்களிடமிருந்து அவருக்கும் தொற்றலாம் அல்லவா?

பேரம் எல்லாம் ஊசி தொடும் முன்பு. பாதி குத்தியபின் விலை பேசுவது, 'பக்கத்திலேயே ஒரு சின்ன பூ சும்மா போட்டுக் குடுங்க' என்பது அழகல்ல.

ஸ்டென்சில் ஒட்டியதும் எழுந்து நின்று, கையைச் சாதாரணமாகத் தொங்கவிட்டு, கண்ணாடியில் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அழித்து ஒட்ட ஐந்து நிமிடம்தான். எங்கள் விஷயத்திலும் அதுதான் நடந்தது. போட்டோவில் மங்கியிருந்ததால் கோலத்தின் அடியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. "அப்பத்தா கையைப் பிடிச்சுத்தான் நான் எண்ணிக்கை கத்துக்கிட்டேன். ஒம்பது புள்ளி இருக்கும்" என்றாள் மகள். அந்த இளைஞர் முகம் சுளிக்காமல் மறுபடி வரைந்தார்.

அசையாதீர்கள். ஆனால் அடக்காதீர்கள்! சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. தும்மல், இருமல், சிறுநீர், தாகம், கொட்டாவி முதலான இயற்கை உந்துதல்களை வலிந்து அடக்கினால் நோய் என்பது அதன் சாரம். இந்த நாற்காலிக்கு அது அப்படியே பொருந்தும். தும்மல் வந்தால், "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி விலகியபின் தும்முங்கள். மணிக்கணக்கில் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம்.

கண் இருட்டுவது, காது அடைப்பது, குளிர்ந்து வியர்ப்பது என்றால் உடனே சொல்லுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சரியாகிவிடும். வீறாப்பாக இருந்து விழுந்தால் தலையில் அடிபடும்.

வலிக்கிறதா? மூச்சைப் பிடிக்காமல், மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். குறவர் பெண்கள் பாட்டுப் பாடியதும் மனதை வேறு பக்கம் திருப்பத்தானே!

போனில் கத்திப் பேசுவது, வீடியோ எடுக்கக் கையை நீட்டுவது, அவர் வைத்திருக்கும் சாமான்களைத் தொட்டுப் பார்ப்பது கூடாது. குத்திய இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது கூடவே கூடாது.

வீட்டுக்கு வந்த பின்...

பச்சை என்பது ஒரு புண். அழகான புண், அவ்வளவுதான். சுற்றிய உறையை அவர் சொன்ன நேரத்தில் எடுத்து, கை கழுவிவிட்டு, மென்மையான சோப்பும் சுத்தமான நீரும் விட்டுக் கழுவுங்கள். தேய்க்காமல், சுத்தமான காகிதத் துணியால் ஒற்றி எடுங்கள். வாசனையில்லாத களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். இரண்டு மூன்று வாரம் வெயில், கிணற்றுக் குளியல், நீச்சல் குளம் வேண்டாம். ஆழியாறு, கோவைக் குற்றாலம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! பக்கு கட்டினால் பிய்க்காதீர்கள். அரித்தால் சொறியாதீர்கள்.

இப்போது நம் வீட்டு வைத்தியம். மஞ்சளைக் குழைத்துப் பூசவா, வேப்பிலை அரைத்துக் கட்டவா என்பார்கள். வேண்டாம். அரைத்த அம்மியிலும் கல்லிலும் உள்ள கிருமி நேராக உள்ளே போகும். சிலர் வீட்டில் மத்தன் தைலம் இருக்கும். ஆறாத புண்ணுக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதில் துருசு சேருகிறது. அழுகிய சதையை அரித்து எடுக்கும் மருந்தைப் புதுப் பச்சையில் போட்டால் என்ன ஆகும்? நான் கற்ற மருத்துவமே, எந்த மருந்து எந்தப் புண்ணுக்கு என்று பார்க்கத்தான் சொல்லித் தருகிறது. சித்த மருத்துவ முறைப்படி ஒரு வாரம் கருவாடு, கத்தரிக்காய் போன்ற கரப்பான் பண்டங்களைத் தள்ளிவைக்கலாம். பாசிப்பருப்பு, கீரை, நெல்லிக்காய், மோர் நல்லது.

முதல் இரண்டு நாள் லேசான சிவப்பும் எரிச்சலும் சகஜம். சிவப்பு பரவினால், சூடாக வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். ஆங்கில மருத்துவரிடமே போங்கள். அந்த நேரத்தில் தேவைப்படுவது அந்த மருந்துதான்.

கேள்வி - பதில்

கேள்வி: வர்மப் புள்ளியில் ஊசி பட்டால் ஆபத்து என்கிறார்களே?

பதில்: வர்மம் என்பது அடி, அழுத்தம் ஆழமாகத் தாக்குவதைப் பற்றியது. இந்த ஊசி போவது இரண்டு மில்லி மீட்டர். பயம் வேண்டாம். எலும்பு மேல் உள்ள தோலில் வலி கூடுதலாக இருக்கும், அவ்வளவே.

கேள்வி: பச்சை குத்தியிருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடாதா?

பதில்: எடுக்கலாம். அபூர்வமாகச் சிலருக்கு அந்த இடம் சூடாவது போலிருக்கும். ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் பத்தாம் வகுப்பு மகள் அடம் பிடிக்கிறாள். என்ன செய்வது?

பதில்: தோட்டத்து மருதாணியை அரைத்து, அவள் கேட்கும் டிசைனையே போட்டுவிடுங்கள். ஆனால் 'கறுப்பு மருதாணி' என்று விற்பதை வாங்காதீர்கள். அதில் தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கும். கொப்புளம் போட்டுத் தழும்பாகிவிடும். மருதாணி எப்போதும் சிவக்கும், கறுக்காது.

கேள்வி: முன்பே திருவிழாவில் குத்திக்கொண்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: பயந்துகொண்டு உட்கார வேண்டாம். ஹெபடைடிஸ்-பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகச் செய்கிறார்கள். மூன்றுக்குமே இன்று நல்ல சிகிச்சை இருக்கிறது.

கடைசியாக...

மகளின் கை மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. ஒரு நாள் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது கையைப் பார்த்தேன். ஒன்பது புள்ளி. அம்மாவின் கையில் நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

"உங்களுக்கும் ஒண்ணு போட்டுக்கலாமுங்கப்பா" என்கிறாள் இப்போது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல். மூன்று மாத அளவு சரியாக வரட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஊருக்குச் சொன்ன விதி வைத்தியனுக்கும் உண்டு அல்லவா!